கிராக்கி, ப்ரோ, வடக்கன்: ஜி.எஸ்.டி. சாலையின் கொச்சை

சென்னைத் தமிழைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராயபுரத்திலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ நின்றுகொண்டுதான் எழுதுகிறார்கள். துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை இருக்கிறது, நவாபின் அரண்மனை இருக்கிறது. ஆகவே நாலு மொழி கலந்து இந்தக் கொச்சை பிறந்தது என்று கதையை முடித்துவிடுவார்கள். கதை பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதிக்குத் தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் எல்லாம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் வர வேண்டும்.

பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர். செங்கல்பட்டுக்கு முந்தின பெரிய நிறுத்தம். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ச் சாலை இங்கேதான் பிரிகிறது. அந்தச் சாலையில் போனால் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். வடக்கே பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர் கூட்டம், தெற்கே பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. சாலைப் பிரிவில் கால் மணி நேரம் நின்றாலே மூன்று வகைக் கொச்சை காதில் விழும். காய்கறிக் கூடையோடு வரும் கிராமத்துப் பெண்மணி, “அப்பால வா, ஊட்டாண்ட ஆளு கீது” என்று போனில் சொல்வார். ஷேர் ஆட்டோக்காரர், “இன்னும் ஒரு கிராக்கிதான் நைனா, வந்தா எடுத்துருவேன்” என்பார். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மாணவன், “ப்ரோ, கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்பான்.

முதலில் அந்தப் பெண்மணியின் பேச்சு. கீது, வந்துகினு, இஸ்துகினு, ஊட்டாண்ட, அப்பால, குந்து, துன்னு. சென்னைக் கொச்சை என்றதும் சினிமாக்காரர்கள் எடுத்துவிடும் சொற்கள் இவைதான். இவற்றில் ஒன்றுகூட அந்நியச் சொல் இல்லை. ‘ஆண்ட’ என்பது அண்டை. ‘அப்பால’ என்பது அப்பால். ‘இஸ்து’ என்பது இழுத்து. ‘கினு’ என்பது கொண்டு. மதுரைக்காரர் ‘வந்துக்கிட்டு’ என்கிறார், இங்கே ‘வந்துகினு’ என்கிறார்கள். இரண்டுமே ‘வந்துகொண்டு’ என்பதன் தேய்வுதான். அங்கே அது வட்டார வழக்கு என்று பாராட்டப்படுகிறது, இங்கே கொச்சை என்று முகம் சுளிக்கப்படுகிறது. ‘மெய்யாலுமே’ என்று உழைப்பாளி சொன்னால் சிரிக்கிறோம். ‘மெய்’ என்று புலவர் எழுதினால் தலையாட்டுகிறோம்.

இந்தப் பேச்சு நகரத்தில் பிறந்து கிராமத்துக்குப் பரவியது அல்ல. செங்கல்பட்டு, வட ஆற்காட்டுக் கிராமங்களின் தமிழ் இது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோதும், அதற்கு முன்னும் பின்னும், நிலமில்லாத கூலிகள் மதராசுக்குப் பிழைக்கப் போனார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், கால்வாய் வெட்டினார்கள், ஆலைகளில் சேர்ந்தார்கள், ரிக்‌ஷா இழுத்தார்கள். அவர்கள் வாயோடு போன தொண்டை மண்டலத் தமிழ்தான் சென்னைத் தமிழின் எலும்புக்கூடு. உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் அதன் மேல் பிற்பாடு ஏறியவை. 2000-க்குப் பிறகு நகரத்துக் குடிசைகளை அகற்றி கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆட்களை அனுப்பியதில், அந்தப் பேச்சு வேறு சரக்குகளோடு தெற்குப் புறநகருக்கே திரும்பி வந்தது.

அந்தச் சரக்கில் பெரும்பங்கு உருதுவின் வழியாக வந்த பாரசீகமும் அரபியும். ஆற்காட்டு நவாப் வாலாஜா சேப்பாக்கத்தில் 1768-இல் அரண்மனை கட்டிக் குடியேறியதும், அவருடைய படையும் குதிரைக்காரர்களும் திருவல்லிக்கேணியைச் சுற்றி நிலைத்ததும் இதற்கு முக்கியமான காரணம். ‘பேமானி’ என்பதில் இருப்பது ஈமான், அதாவது நம்பிக்கை. அது இல்லாதவன் பேமானி. பேஜார் பாரசீகத்தில் சலிப்பு, வெறுப்பு. கலீஜ் அழுக்கு. ஜல்சா என்பது மரியாதையான சொல், சபை கூடுவது. இங்கே வந்ததும் கூட்டத்தை விட்டுவிட்டுக் கும்மாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தில் என்றால் இதயம், தமிழில் துணிச்சல். கில்லாடி வெறும் விளையாட்டுக்காரன். தமிழில் எல்லாரையும் மிஞ்சுகிறவன்.

‘மாமூல்’ இவற்றில் தனி ரகம். அரபியில் வழக்கமாக நடப்பது என்று பொருள். ‘மழை நின்று மாமூல் வாழ்க்கை திரும்பியது’ என்று நாளிதழ் எழுதும்போது அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. அதே பக்கத்தில் ‘மாமூல் வாங்கியவர் கைது’ என்று இன்னொரு செய்தி இருக்கும். லஞ்சம் வாடிக்கையாகிப் போனதால், வாடிக்கைக்கு உரிய பெயரே லஞ்சத்துக்கும் பெயராகிவிட்டது. சொல் பெரிதாக மாறவில்லை, நம்முடைய நடத்தைதான் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ‘உஷார்’ நம் கண் முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. முப்பது ஆண்டுக்கு முன் அது எச்சரிக்கை மட்டும்தான். இன்று கல்லூரிப் பையன் ‘உஷார் பண்ணிட்டான்’ என்றால், ஒரு பெண்ணின் மனதைப் பிடித்துவிட்டான் என்றோ யாருடைய பொருளையோ சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான் என்றோ பொருள். ‘போலீஸ் நிக்குது, உஷார்’ என்று அவனே அடுத்த நிமிடம் பழைய பொருளிலும் சொல்வான். அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

கடல் வழியாக வந்ததும் உண்டு. ‘துட்டு’ டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செப்புக் காசு. அவர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த சதுரங்கப்பட்டினம் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. காசு போய்விட்டது, கம்பெனியும் போய்விட்டது, துட்டு இருக்கிறது. ‘நைனா’ தெலுங்கில் அப்பா. ஆட்டோக்காரர் வாயில் அது முன்பின் தெரியாத ஆளுக்கும் பொருந்துகிற உறவு. வடமொழியின் பங்கு ‘கஸ்மாலம்’. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், வில்லைக் கீழே போட்ட அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் பயன்படுத்துகிற அதே சொல்தான் இது. அங்கே மனக்கலக்கம், இங்கே அருவருப்பு.

மொழிகளின் கலப்பை விடச் சுவையானது தொழில்களின் கலப்பு. ‘டங்குவார் அந்துடும்’ என்று மிரட்டுகிறவர்களில் எத்தனை பேர் குதிரை வண்டியைப் பார்த்திருப்பார்கள்? குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்குகிற பட்டைக்குப் பாரசீகத்தில் தங். அதோடு நம்முடைய வார் சேர்ந்துகொண்டது. அது அறுந்தால் வண்டி குடைசாயும். ஜட்கா ஒழிந்து பல பத்தாண்டு ஆகியும் வார் மட்டும் அறுந்துகொண்டே இருக்கிறது. ‘வூடு கட்டி அடிக்கிறான்’ என்பதில் உள்ள வீடு குடியிருக்கும் வீடல்ல. சிலம்பத்தில் கால் மாற்றி வைக்கும் முறைக்கு வீடு கட்டுதல் என்று பெயர். எம்.ஜி.ஆரை வாத்தியார் ஆக்கியதும் பள்ளிக்கூடம் அல்ல, சிலம்பமும் குத்துச்சண்டையும் சொல்லித்தரும் வாத்தியார்தான். ‘முடிச்சவிக்கி’ என்பவன் வேட்டி முனையில் காசை முடிந்து வைத்த காலத்து ஜேப்படிக்காரன். இன்று காசு போனுக்குள் போய்விட்டது, அவிழ்க்க முடிச்சே இல்லை.

‘கிராக்கி’ என்ற சொல் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. செய்தித்தாள் தமிழில் அது தேவை: ‘தக்காளிக்குக் கிராக்கி’. ஜட்காவிலிருந்து ரிக்‌ஷாவுக்கும் ரிக்‌ஷாவிலிருந்து ஆட்டோவுக்கும் கை மாறிய தமிழில் அது ஆள்: வண்டியில் ஏறுகிறவர். சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் ஷிப்டு விடும் நேரத்தில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுவதைக் கேட்கலாம். ‘இப்ப கிராக்கி ஜாஸ்தி’ என்றால் ஆளும் அதிகம், கேட்கும் காசும் அதிகம். சாலையில் குறுக்கே பாய்கிறவனை ‘சாவுகிராக்கி’ என்று திட்டுகிறபோது, அவனை எமனுடைய வாடிக்கையாளராகப் பார்க்கிறார் ஓட்டுநர். திட்டாக இருந்தாலும் கற்பனை அபாரம். கோபத்தில் இவ்வளவு சுருக்கமாக உவமை சொல்லத் தெரிந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு வியாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தக் கொச்சைச் சொல்லைக் கொடுத்தாலும் அதற்குள் ஓர் ஆங்கிலத் தொடரையோ வெள்ளைக்காரன் காலத்துக் கதையையோ கண்டுபிடித்துவிடுகிற வியாதி. ‘அம்பேல்’ என்றால் ‘ஐ ஆம் ஆன் பெயில்’. ‘கம்முனு’ என்றால் ‘காம்’. ‘ஓசி’ என்றால் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களில் குத்திய இலவச முத்திரை. ‘டுபாக்கூர்’ என்றால் கம்பெனிக்காரர்களின் மொழிபெயர்ப்பாளரான துபாஷியிலிருந்து வந்தது. கேட்க நன்றாக இருக்கும். வாட்ஸப்பில் வந்த அன்றே நாலு பேருக்கு அனுப்பத் தோன்றும். ஆனால் எந்த ஆண்டு, எந்தத் தாளில், யார் எழுதினார் என்று கேட்டால் ஒன்றுமே இருக்காது. ‘கம்மென்று’ என்பது ‘சும்மென்று’, ‘திக்கென்று’ போல நம்முடைய ஒலிக்குறிப்புச் சொல். அதற்கு வெள்ளைக்காரன் வர வேண்டியதில்லை. ‘கலாய்ப்பது’ பாத்திரத்துக்கு ஈயம் பூசும் கலாயிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. சண்டைக்குக் கலாம் என்றும் சண்டை பிடிப்பதற்குக் கலாய்த்தல் என்றும் பழந்தமிழிலேயே இருக்க, ஈயம் தேடிப் போவது வீண். உழைக்கிறவன் தானாக ஒரு சொல்லை உண்டாக்கியிருக்க மாட்டான், யாரோ துரை சொன்னதைத் தப்பாகக் கேட்டிருப்பான் என்கிற நினைப்பு இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

அமெரிக்கர்களும் இந்த வியாதியில் கிடந்தவர்கள்தான். ‘ஓகே’ என்ற சொல் சாக்டா பழங்குடி மொழியிலிருந்து வந்தது, கிரேக்கத்திலிருந்து வந்தது, ஸ்காட்லாந்திலிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர் பழைய நாளிதழ்களைப் புரட்டிக்கொண்டே போய், 1960-களில் விடையைச் சொன்னார். 1839 மார்ச் 23-ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில், ‘எல்லாம் சரி’ என்பதை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு சுருக்கி எழுதிய கேலி அது. அந்த நாளில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு அப்படிச் சுருக்குவதில் ஒரு மோகம். மறு ஆண்டு நடந்த அதிபர் தேர்தலில் வான் பியூரனின் பட்டப்பெயரும் அதே இரண்டு எழுத்தில் அமைந்ததால் சொல் நிலைத்துவிட்டது. ஊரில் வேறு யாரும் படிக்காத பழைய தாளைப் பொறுமையாகப் படித்ததால் கிடைத்த விடை. நம்மிடமும் மதராசின் குஜிலிக் கடைகளில் விற்ற காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. சொல்லுக்காக அவற்றைப் புரட்டியவர்கள் மிகக் குறைவு.

இனி எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஒரு வசவு: ‘கேப்மாரி’. தொப்பியை, அதாவது ‘கேப்’பை மாற்றிக்கொண்டு ஏமாற்றுகிறவன் என்று இதற்கும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையில் அது ஒரு சமூகத்தின் பெயராகப் பதிவானது. பிரிட்டிஷ் அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் வந்த சட்டத்தோடு மதராஸ் மாகாணமும் அதற்குள் வந்தது. பிறப்பாலேயே திருடர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட கூட்டங்களில் கேப்மாரிகளும் உண்டு. மதராசில் 1947-இல் சட்டம் நீங்கியது, நாடு முழுக்க 1952-இல் நீங்கியது. தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் செங்கல்பட்டுப் பகுதியையும் சேர்த்து அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. சட்டம் போய்விட்டது, வசவு போகவில்லை. 2019-இல் அதே பெயரில் ஒரு தமிழ்ப் படம் கூட வந்தது. பெயருக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பெரிதாக யாரும் பேசியதாக நினைவில்லை. ஒரு சொல் கொச்சை ஆனபின் அதன் வரலாறு எவ்வளவு சுத்தமாகக் கழுவப்பட்டுவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சொற்கள் ஏறுவதும் இறங்குவதும் அவற்றின் குணத்தால் அல்ல, சொல்கிறவர்களின் நிலைமையால்தான் என்பது என் கட்சி. தமிழ் சினிமா அதற்கு நல்ல சாட்சி. ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக இந்தத் தமிழைப் பேசினார், ‘பார் மகளே பார்’ (1963) படத்தில் சோ மெக்கானிக்காகப் பேசினார், ‘காசேதான் கடவுளடா’வில் (1972) தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராகப் பேசினார். மூவரும் மேதைகள், ஆனால் மூன்றும் சிரிப்புக்காக. நாயகன் மேடைத் தமிழ் பேசுவான், எடுபிடி சென்னைத் தமிழ் பேசுவான். சேரி மனிதர்களின் பேச்சைச் சிரிப்புக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியவர் ஜெயகாந்தன். ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலாகவும், அவரே இயக்கிய படமாகவும் அதைச் செய்தது. அப்புறம் நெடுங்காலம் கழித்துத்தான் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012), ‘மெட்ராஸ்’ (2014), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) வந்து, அந்தத் தமிழைப் பேசுகிறவனே கதையின் நாயகன் ஆனான்.

பேசுகிறவன் உயர்ந்ததும் சொல்லும் உயர்ந்தது. ‘மெர்சல்’ என்பது மிரளுவது. மாடு மிரளும், ஆள் மிரளுவான். பெரிய நாயகர்களின் படத்துக்குள் போனதும் மிரட்சி மறைந்து வியப்பு வந்தது. 2017-இல் விஜய் படத்துக்கு அதுவே தலைப்பாகி, தலைப்பின் வணிகக் குறி தொடர்பான வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது; தடை நீங்கிய பின்பே படம் தீபாவளிக்கு வந்தது. குப்பத்துச் சொல்லுக்கு உரிமை கேட்டு வழக்கறிஞர்கள் வாதாடுகிற காலம். படை ஊதுகிற பியூகிளிலிருந்து வந்து விசிலுக்குப் பெயரான ‘பிகில்’ 2019-இல் அடுத்த தலைப்பு. ‘தூள்’, ‘கெத்து’, ‘கில்லி’, ‘தில்’ எல்லாம் சுவரொட்டியில் ஏறியாயிற்று.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே நிறம். ‘கூல்’ என்ற சொல்லுக்கு இன்றுள்ள பொருளைக் கொடுத்தது கறுப்பின மக்களின் ஜாஸ் உலகம். ‘வோக்’, விழிப்பாயிரு என்று கறுப்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. 1938-இல் லெட் பெல்லி பதிவு செய்த பேச்சிலேயே அது இருக்கிறது. இப்போது அரசியல் மேடையில் எதிராளியைக் கேலி செய்ய உதவும் சொல் ஆகிவிட்டது. ஆனால் நமக்கு நெருக்கமான கதை ‘தக்’. வட இந்தியாவில் ஏமாற்றுகிறவனுக்குப் பெயர். 1830-களில் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்லீமன் வழிப்பறிக் கூட்டங்களை வேட்டையாடியதும், 1839-இல் மெடோஸ் டெய்லர் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதியதும் சொல்லைக் கப்பலேற்றின. அமெரிக்காவில் அடியாளுக்குப் பெயராகி, அப்புறம் கறுப்பின இளைஞர்களைக் குத்திக்காட்டும் சொல்லாகி, 1990-களில் ராப் பாடகர் டூபாக் அதையே மார்தட்டும் முழக்கமாக மாற்றினார். அங்கிருந்து இணையக் கேலிப் படங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்வதற்கு ‘தக் லைஃப்’ என்று பெயரானது. 2025-இல் மணிரத்னம்-கமல் படத்துக்குத் தலைப்பும் ஆனது. நம் நாட்டுச் சொல்தான், உலகத்தைச் சுற்றிவிட்டு வெளிநாட்டு மினுக்கோடு வந்து நிற்கிறது.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த மாணவனின் ‘ப்ரோ’வும் அமெரிக்க இறக்குமதிதான். தமிழைக் கெடுத்தது என்று இதன் மேல் எல்லாருக்கும் கோபம். எனக்கு இல்லை. அமெரிக்காவில் ப்ரோ என்பது தோளில் கை போடும் சொல். மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே ‘ப்ரோ, தள்ளிக்கோங்க’, ‘ப்ரோ, சாப்டீங்களா’ என்று பன்மை விகுதியோடு வருகிறது. தெரியாத ஆளைக் கூப்பிடத் தமிழில் வயதைக் கணக்குப் போட வேண்டும், சமயத்தில் உடுப்பையும் பார்க்க வேண்டும்: அண்ணே, தம்பி, சார், ஏம்பா. இந்தக் கணக்கை ப்ரோ ஒரே அடியில் கடந்துவிட்டது. உணவு கொண்டுவருகிறவரை முந்தின தலைமுறை ‘ஏம்பா, இங்க வா’ என்றிருக்கும். இந்தத் தலைமுறை ‘ப்ரோ, லெஃப்ட்ல வாங்க’ என்கிறது. மச்சான் செய்ய முடியாததை இது செய்கிறது, ஏனென்றால் மச்சானில் உரிமை அதிகம். இலங்கையில் அதே மச்சான் சிங்களத்துக்குள் போய் இனம் கடந்த நட்புச் சொல்லாக இருப்பதையும் பார்க்கிறோம். கடன் வாங்கிய சொல்லுக்குக் கடன் கொடுத்தவனிடம் இல்லாத மரியாதையைத் தமிழ் கொடுத்திருக்கிறது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

வருத்தப்பட வேண்டிய சொல் வேறு. ஒரகடம், மறைமலை நகர் ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களைக் குறிக்க ‘வடக்கன்’ என்ற சொல் புழங்குகிறது. வடக்கத்தி ஆள் என்பது திசையைச் சொன்ன காலம் ஒன்று உண்டு. வடக்கத்தியான் என்பதில் கொஞ்சம் கேலி இருந்தாலும் பகை இல்லை. சில ஆண்டுகளாக அது வசவின் பக்கம் வேகமாகச் சாய்கிறது. பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு வைத்த ‘வடக்கன்’ என்ற தலைப்பைத் தணிக்கைக் குழு ஏற்காததால் 2024-இல் அது ‘ரயில்’ என்ற பெயரில் வெளியானது. தலைப்பை மாற்றலாம், டீக்கடையில் புழங்குவதை எந்தக் குழு மாற்றும்? கூலிக்கு வந்தவனின் அடையாளமே திட்டாகிற இந்த வேலையைத்தான் நூறு ஆண்டுக்கு முன் மதராசுக்குப் பிழைக்கப் போன செங்கல்பட்டுக்காரர்களுக்கும் அவர்கள் பேச்சுக்கும் மற்றவர்கள் செய்தார்கள். அன்று திட்டு வாங்கியவர்களின் பேரன்கள் இன்று திட்டுகிற இடத்தில் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதி வைக்க நம்மிடம் ஏடு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-க்கும் 1936-க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வந்தது. பல கொச்சைச் சொற்களுக்கு அதில் இடம் உண்டு, ஆனால் அது அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது. கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் 1982-இல் சொல்லகராதி தந்தார். கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000-இல் தந்தார். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1965-க்கும் 1970-க்கும் இடையே வேன்களில் ஏறி 1,002 ஊர்களுக்குப் போய், வயதானவர்களை உட்கார வைத்துக் கேட்டு, வட்டார வழக்கு அகராதிக்குச் சொல் சேர்த்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வேன்கூடத் தேவையில்லை, கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் போதும். தாம்பரத்திலும் பொத்தேரியிலும் செங்கல்பட்டிலும் கல்லூரிகள் இருக்கின்றன, தமிழ்த் துறைகள் இருக்கின்றன, ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் யார் சொன்னார், எந்த ஊர், என்ன தொழில், எந்த ஆண்டு என்ற நாலு விவரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வரட்டும். ஜட்கா ஓட்டியவர்களிடம் கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. ரிக்‌ஷா இழுத்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து தொடங்கலாம்.